ஆட்டுக்கல்லும் அக்ரிமெண்ட்டும்

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் புது வீட்டை விற்கிறார்கள் என்றால் அது துக்கச் செய்தி. பழைய வீட்டை விற்பார்கள், பாகம் பிரித்து விற்பார்கள், மகள் கல்யாணத்துக்கு என்று ஒத்திக்கு வைப்பார்கள். ஆனால் நிலை வைத்து, பூச்சு முடித்து, வெள்ளையடித்த வீட்டைப் பால் காய்ச்சாமலே ஒருவர் கைமாற்றுகிறார் என்றால் ஊர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசும். மலைத்தோட்டத்தில் நஷ்டமா, வீட்டில் யாருக்கும் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரிப்பார்கள். கூடலூரிலிருந்து போடி வரைக்கும் வீடு என்பது அவரவர் கட்டிக்கொள்வது. நெல் விற்ற காசில் அஸ்திவாரம், அடுத்த போகத்தில் சுவர், ஏலக்காய்க்கு விலை கிடைத்த வருஷத்தில் மேல்தளம் என்று நாலைந்து வருஷம் அது வளரும்.

இன்று தேனியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் விற்பதற்கென்றே கட்டிய வீடுகள் நிற்கின்றன. அன்னஞ்சி விலக்குப் பக்கம், பழனிசெட்டிபட்டி, போடி சாலை என்று எங்கும் ஒரே முகப்பு, ஒரே சாம்பல் நிறம், சுவரில் ஒரு கைபேசி எண். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மாதச் சம்பளக்காரர் நாலு வருஷம் கொத்தனார் பின்னால் அலைய முடியாது. கட்டி முடித்த வீட்டை அவர் பார்த்து வாங்குவது நியாயம்தான். என் கவலை வேறு. அந்த வீட்டை எப்படிப் பேசி வாங்குவது என்பது எங்கள் ஊருக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

1986-ல் மாமா சின்னமனூரில் ஒரு புது வீடு வாங்கினார். தேனி அப்போது தனி மாவட்டம் இல்லை, மதுரையோடு இருந்தது. 1996-ல்தான் பிரித்தார்கள். விற்றவர் போடிக்காரர், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர். மகளைச் சின்னமனூரில் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு முடிந்து, அவளுக்கென்று கட்டிய வீடு அது. பிறகு சம்பந்தம் முறிந்துபோனது. அந்த வீட்டைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

பேச்சு திண்ணையில் நடந்தது. ரைஸ்மில் வைத்திருந்த ஒரு பெரியவர் நடுவில் உட்கார்ந்தார். எண்பதாயிரம் சொன்னார்கள், மாமா அறுபத்தைந்து கேட்டார், எழுபத்திரண்டில் முடிந்தது. அதற்கு முந்தின இரவே மாமா அத்தையிடம் சொல்லிவிட்டார்: “வெல கொறைக்கணும்னு வீட்டக் கொற சொல்லிறாத. அந்த மனுசன் மகளுக்குக் கட்டுனது.” தளத்தில் ஒரு மூலையில் வாட்டம் சரியில்லாததை அத்தை பார்த்திருந்தார். அதைப் பற்றி அன்று அவர் வாயே திறக்கவில்லை.

ஆனால் விலை முடிந்து, வெற்றிலைத் தட்டு மாற்றும் முன் அத்தை கதவோரம் நின்று கேட்க ஆரம்பித்தார்.

“அண்ணே, வெலையப் பெரியவங்க பேசிட்டாங்க. அதுல நான் ஒண்ணும் சொல்லல. கொல்லையில கெடக்குற ஆட்டுக்கல்லு யாருக்கு?”

“ஒனக்குத்தாம்மா.”

“கெணத்து ராட்டினம்?”

“அதுவும்தான்.”

“மிச்சம் அடுக்கியிருக்குற செங்கலு?”

கொஞ்சம் யோசித்தார். “எடுத்துக்க தாயி.”

“பின் சந்துல வண்டி வர்ற பாத?”

இந்த இடத்தில் பெரியவர் கையை உயர்த்தினார். பாதையை வாய்ப்பேச்சில் விட முடியாது, பத்திரத்தில் ஏற வேண்டும் என்றார். கிணற்றில் பக்கத்து வீட்டுக்கு இருந்த பங்கையும் அப்படியே எழுதச் சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்தபோது, யாரும் கேட்காமலே விற்றவர் சொன்னார்: “ஆடியில மேக்கால சாரல் அடிக்கும்மா. அந்த ஜன்னலுக்கு மேல ஓட்டுத் தாழ்வாரம் எறக்கித் தர்றேன்.” பத்திரம் முடிந்த மாதமே தன் கொத்தனாரோடு வந்து இறக்கியும் கொடுத்தார்.

அந்தப் பத்திரத்தைப் பல வருஷம் கழித்து நான் வாசித்திருக்கிறேன். நாலு பக்க எல்லை, கிணற்றில் பங்கு, பின் சந்தில் வண்டிப் பாத்தியம், அந்தக் காலத்து எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ என்ற வரிசை எல்லாம் இருந்தன. தண்ணீரும் மரமும் கல்லும் வாங்குகிறவருக்கே சேரும் என்று எழுத்தில் இருந்தது. எழுதாமல் விட்டதைத் தெரு ஞாபகம் வைத்திருந்தது. விற்றவர் ஓடிப் போக முடியாது. வீரபாண்டித் திருவிழாவில் எதிரே வருவார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவார். கட்டிய கொத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தார். தளம் ஒழுகினால் டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவரிடம் கேட்கலாம். பேசிய பேச்சுக்கு அந்த வாழ்க்கையே ஜாமீனாக இருந்தது.

இன்று பத்திரம் எத்தனையோ பக்கம். தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, வரைபட அனுமதி, வங்கி வழக்கறிஞர் கருத்துரை என்று ஒரு கட்டு சேர்ந்துவிடுகிறது. இவ்வளவு காகிதத்திலும், பில்டர் ‘போட்டுத் தர்றேன்’ என்று சொன்ன தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒரு வரி இருக்காது. கொஞ்சமாக எழுதிய காலத்தில் ராட்டினம் வாய்ப்பேச்சிலேயே வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் எழுதுகிற காலத்தில் மோட்டார் வராமல் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் வாங்கியது. காம்பவுண்டு சுவர் பூச்சு, கேட், அலமாரிக் கதவு, மொட்டைமாடிக்குக் கூலிங் டைல்ஸ் என்று நாலும் வாய்ப்பேச்சு. பத்திரம் முடிந்தபின் கேட் மட்டும் வந்தது. கரண்டு இணைப்பு கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பாகவே இருந்தது அவர்களுக்கு முதல் பில் வந்தபோதுதான் தெரிந்தது. வீட்டு இணைப்பாக இருந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைத்திருக்கும். தற்காலிக இணைப்பில் அது கிடையாது, கட்டணமும் அதிகம். கட்டியவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு ஊர்க்காரர், அடுத்த இடத்தில் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார். அந்த வீட்டு அம்மா தொலைபேசியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. இருபது வருஷக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்ட குடும்பம் ஓர் அலமாரிக் கதவுக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அதனால்தான் என் தம்பி மகன் வீடு பார்க்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். பழனிசெட்டிபட்டியைத் தாண்டி ஓர் இடம். மூன்று சென்டு, 1,150 சதுர அடி, ஐம்பத்தெட்டு லட்சம். விலைக்குக் காரணமாக அந்த பில்டர் முதலில் ரயிலைச் சொன்னார். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். 2022 மே மாதம்தான் தேனிக்கு அகலப்பாதை வண்டி வந்தது. அடுத்த வருஷம் ஜூனில் போடி வரை போயிற்று. பிறகு ஏலக்காய். 2019-ல் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது மலையில் தோட்டம் வைத்திருந்தவர்கள் கேட்ட விலைக்கு மனை வாங்கினார்களாம். சில வருஷத்தில் ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே போனது. மனை விலை அங்கேயே நின்றுவிட்டது. அவர் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ரயிலும் ஏலக்காயும் இந்த வீட்டின் போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லாது.

“வெலையில கை வைக்காதீங்க சார்” என்றார் தம்பி மகனிடம். “ரெண்டு ஒண்ணு பாத்துக்கலாம். அதுக்கு மேல வேண்டாம். வேற ஏதாச்சும் செஞ்சு தர்றேன், கேளுங்க.”

இந்தப் பேச்சில் வஞ்சகம் இல்லை, ஒரு கணக்கு இருக்கிறது. அதே இடத்தில் இன்னொரு வீடு கட்டி வைத்திருந்தார். இதை ஐந்து லட்சம் குறைத்துக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்கு வருகிறவரும் அந்த விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். பொருளாகக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. மொத்தமாக வாங்குவதால் கிரானைட்டும் கேட்டும் டைல்ஸும் நமக்கு ஆவதைவிடக் குறைவாக அவருக்கு முடியும். ஆகவே அவருக்கு விலையை விடுவது கடினம், பொருளை விடுவது சுலபம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகப் பேசுகிறார்கள். விலையில் ஒரு லட்சத்துக்கு முழு மூச்சாகப் போராடிவிட்டு, மற்றதைச் ‘செஞ்சு தந்துருங்க’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு லட்சம் கையில் எவ்வளவாக வருகிறது என்று தம்பி மகனுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் தருவார்கள். பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து இப்போது 9 சதவீதம். 2017-லிருந்து 11 ஆக இருந்தது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கி, கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். விலை ஐம்பத்தைந்தரை லட்சம் என்று வைத்தால், கடன் நாற்பத்து நாலு லட்சத்து நாற்பதாயிரம். கைக்காசு பதினொரு லட்சத்துப் பத்தாயிரம், பத்திரத்துக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம். ஆக, பதினாறு லட்சம் சொந்தமாகப் புரட்ட வேண்டும்.

விலையில் ஒரு லட்சம் குறைந்தால் கடன் எண்பதாயிரம் குறைகிறது. கைக்காசில் இருபதாயிரமும் பத்திரச் செலவில் ஒன்பதாயிரமும் மிச்சம். மற்ற எண்பதாயிரம் மாதத் தவணையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பி வரும், வட்டியும் மிச்சம்தான். ஆனால் குடிபோன பிறகு போர்வெல் மோட்டார், கிரில், அலமாரி என்று ஒரு லட்சம் செலவு வந்தால் அது முழுசாகக் கையிலிருந்து போகும். நகையை அடகு வைத்துப் பதினாறு லட்சம் புரட்டிய வீட்டில் அந்த மாதம் ஒரு லட்சம் எங்கே இருக்கும்? மாதக் கடைசியில் அதை இரண்டு வட்டிக்கு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் காசு நிறைய உள்ளவர் விலையைக் குறைக்கட்டும். கடனில் வாங்குகிறவர் பொருளைப் பேசுவதே புத்தி. என் அத்தைக்கு வங்கி விதி எதுவும் தெரியாது. குடிபோன மறுநாள் எது இல்லாமல் அடுப்பு எரியாது என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகத் தரலாம் என்ற பேச்சும் வந்தது. விலையைக் குறைத்துக் காட்டுவது எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம்தான். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். 2015 ஜூன் முதல் வீடு, மனை பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே சட்டம் இடம் தருவதில்லை. காட்டாத காசுக்கு வங்கி கடன் தராது. பேசியதை நடத்தித் தராவிட்டால் கேட்கவும் வாயில்லை. ஐம்பது லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவரே ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும் என்பதும் பலருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம்தான். எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, கட்டுமானத்தில் ஐந்து வருஷத்துக்குள் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மிகாத திட்டம் என்றால் ஆணையத்தில் பதிவே தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்டுக்குச் சற்று மேல். எங்கள் பக்கத்தில் ஆறு சென்டு வாங்கி இரண்டு வீடு கட்டி விற்கிறவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். சென்னையில் அடுக்குமாடி வாங்குகிறவர் ஆணையத்தின் பதிவில் திட்டத்தைத் தேடிப் பார்க்கலாம். தேனியில் இரண்டு வீட்டில் ஒன்றை வாங்குகிறவருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு மிஞ்சுவது அக்ரிமெண்ட் ஒன்றுதான். ஐம்பதாயிரம் அச்சாரம் கொடுக்கும் முன்பே அதில் எழுத வேண்டும். அச்சாரம் கைமாறிய பின் கேட்கிற குரலுக்குப் பலம் குறைவு.

இன்னொன்றும் இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே இருக்கிறது. வீடு பார்க்கிறவர்கள் தையில் பார்க்கிறார்கள். அப்போது வெயிலும் இதமாக இருக்கும், காற்றும் இருக்காது, எந்த வீடும் அழகாகத் தெரியும். ஆனியும் ஆடியும் வந்தால் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கும். கூடலூர், கம்பம் பக்கம் சாரலும் சேர்ந்துகொள்ளும். மேற்குச் சுவர் ஈரம் குடிக்கிறதா, ஜன்னல் சட்டம் ஆடுகிறதா, மொட்டைமாடித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் அந்த மாதங்களில்தான் தெரியும். ஆடியில் பத்திரம் முடிக்க வேண்டாம் என்கிற வழக்கத்தை நான் மதிக்கிறேன். பார்ப்பதற்கும் பேசுவதற்கும் என்ன தடை? ஆடியில் விற்கிற வீட்டுக்கு வேறு ஆள் வர மாட்டார். கட்டியவர் இருபது லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் நாற்பதாயிரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆவணி முதல் வாரம் பத்திரம் என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி. அவர் கஷ்டத்தை வைத்து நெருக்கச் சொல்லவில்லை. அவருக்கு நாள் முக்கியம், நமக்குப் பொருள் முக்கியம், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி மகனும் மருமகளும் ஆடியில்தான் இரண்டாவது முறை போய்ப் பார்த்தார்கள். மருமகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். போர்வெல் எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், தொடர்ந்து ஓடவிட்டால் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டு, அங்கேயே ஓடவிட்டும் பார்த்தாள். தொட்டி எத்தனை லிட்டர், குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை யார் கட்டுவது, கரண்டு இணைப்பு யார் பேருக்கு எப்போது மாறும், செப்டிக் டேங்க் எங்கே என்பதெல்லாம் கேள்வியாக வந்தன. மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு போதாது, இன்னும் ஓர் அடி வேண்டும் என்றாள். என் அத்தையை அவள் பார்த்ததே இல்லை.

அந்தப் பட்டியலை இரண்டு பக்கமாகத் தட்டச்சு செய்து அக்ரிமெண்ட்டோடு இணைக்கச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிராண்டு, அளவு, முடிக்க வேண்டிய தேதி. கடைசித் தவணையில் ஒரு லட்சத்தை எல்லாம் முடிந்த பிறகு தருவதாகவும் ஒரு வரி சேர்த்தோம். பில்டர் கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாக வாசித்தார்.

“இப்படி எழுதிக் குடுத்தா எனக்கும் நல்லதுதாய்யா” என்றார் என்னிடம். “எலக்ட்ரீசியன், பிளம்பர் எல்லார்ட்டயும் கணக்கு முடிக்க முன்னாடி இதக் காட்டி வேல வாங்கிருவேன். எல்லாஞ் சொல்லிட்டு, குடிவந்த பெறகு ஒவ்வொண்ணா போன் பண்ணும்போதுதான் எங்களுக்கும் கையக் கடிக்கிது.”

பட்டியலில் மூன்றை அடித்தார். மாடுலர் கிச்சன் முடியாது, கடப்பாக்கல் அலமாரி போட்டுத் தருவதாக எழுதினார். கூலிங் டைல்ஸுக்குப் பாதிச் செலவு உங்களுடையது என்றார். இன்வெர்ட்டர் தர முடியாது, ஒயரிங் மட்டும் செய்து தருகிறேன் என்றார். ஐம்பத்தைந்தரை லட்சத்துக்குக் கையெழுத்தானது. சன்ஷேடு வேலை ஆவணி பிறப்பதற்குள் முடிந்தது. பிடித்து வைத்திருந்த ஒரு லட்சத்தை மருமகள் பட்டியலில் டிக் போட்டுப் பார்த்துவிட்டு வங்கி வழியாக அனுப்பினாள். தொட்டி மூடி ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதைப் பால் காய்ச்சிய அன்று காலையில் அவரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.